இரவில் கைவிடாத டோர்ச்சைப் பார்த்து வாங்குவோம்

(தோட்டக் கமிட்டியின் மாதாந்தக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற கூட்டத்தில் டீச்சர் டோர்ச் லைட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். போன ஐப்பசி மழையில் மேல் டிவிஷனில் நடந்தது ஞாபகம் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

அன்று இரவு ஒரு மணி இருக்கும். நம்முடைய தங்கச்சி ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. 1990 அம்பியூலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் நம்முடைய பாதையில் அதனால் மேலே ஏற முடியாது. கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினோம். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். பாதி படிக்கட்டு, பாதி வழுக்குப் பாறை, ஒரு பக்கம் கான்.

எங்களிடம் மூன்று டோர்ச் இருந்தது. ஒன்று டவுனில் வாங்கிய புதியது. பெட்டியில் பெரிய பெரிய இலக்கம் போட்டிருந்தது. கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. இரண்டாவதற்குள் மழைத் தண்ணீர் போய், சிமிட்டிச் சிமிட்டி நின்றுவிட்டது. மூன்றாவது காவல்காரத் தாத்தாவுடையது. அது எதிர்மலை வரைக்கும் அடிக்கும். ஆனால் காலடியில் இருக்கிற படி தெரியவில்லை. முன்னால் தூக்கிய அண்ணன் கானுக்குள் கால் வைத்துவிட்டார். கதிரை சாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் தங்கச்சி விழவில்லை. மிச்சத் தூரம் போன் வெளிச்சத்தில் போனோம்.

தாயும் பிள்ளையும் நலம். கால் பிசகிய அண்ணன் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று வாரப் பெயர் அவருக்கு இல்லாமல் போனது.

மூன்று டோர்ச்சும் காசு கொடுத்து வாங்கியவைதான். பார்த்து வாங்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து இதைக் கொஞ்சம் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், எதற்காக வாங்குகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தூரத்தில் அடிக்கிற டோர்ச் வெளிச்சத்தைச் சின்ன வட்டமாகச் சேர்த்து அனுப்பும். காவல் பார்ப்பவருக்கும், மலையில் ஆளைத் தேடுகிறவர்களுக்கும் அது வேண்டும். நடக்கிறவருக்கு வேண்டியது அகலமான வெளிச்சம். காலடி, படியின் ஓரம், கான், மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணம் ஆழமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் தூரத்துக்கு அடிக்கும். ஆழம் குறைந்து, மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அகலமாக அடிக்கும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அகலமாக அடிப்பதையே வாங்குங்கள்.

நம்முடைய மலையில் பனிமூட்டம் வேறு. மூட்டத்துக்குள் பெரிய வெளிச்சம் அடித்தால் அது திரும்பி நம் கண்ணிலேயே விழும். வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும். அந்த நேரம் வெளிச்சத்தைக் குறைத்து, டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, தரையைப் பார்த்து அடிக்க வேண்டும். அதனால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற டோர்ச்தான் நமக்குச் சரி.

இரண்டாவது, பெட்டியில் இருக்கிற இலக்கம். லூமன் என்று போட்டிருப்பார்கள். டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன். பழைய 60 வாட் குண்டு பல்ப் சுமார் 700 லூமன் தரும். இருட்டில் பாதையில் நடக்க 100 லூமன் போதும். மழையில், சாமான் தூக்கிக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து போக 300 முதல் 500 இருந்தால் தாராளம். 1000 லூமன் என்பது தேடுவதற்கு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். கையடக்கமான டோர்ச்சில் சாதாரணமாக ஒரு லித்தியம் பற்றரி இருக்கும். 18650 என்று அதற்குப் பெயர். 18 மில்லிமீற்றர் பருமன், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதால் அந்தப் பெயர். நல்ல பற்றரி ஒன்றில் சுமார் 11 வாட் மணி சக்தி இருக்கும். நல்ல எல்.ஈ.டி ஒன்று ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். பற்றரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதையே 100 லூமனில் எரித்தால் 1 வாட். பத்து மணி நேரத்துக்கு மேல் எரியும், விடியும் வரைக்கும் வரும். "ஒரு லட்சம் லூமன், பத்து மணி நேரம்" என்று உள்ளங்கை அளவு டோர்ச்சில் போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது. அதை வைத்துவிட்டு வாருங்கள்.

பற்றரியின் மேல் எம்.ஏ.எச் என்று ஒரு இலக்கம் இருக்கும். அது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதைச் சொல்வது. 18650 பற்றரியில் நிஜமாகப் பிடிப்பது சுமார் 3500 வரைதான். 9900 என்று போட்டிருந்தால் அது பொய். நல்ல பற்றரி 45 கிராம் அளவில் கனமாக இருக்கும். பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தூரத்துக்கும் ஒரு இலக்கம் போடுவார்கள். ஒழுங்கான கம்பனிகள் இதை எப்படி அளக்கின்றன என்றால், வெளிச்சம் பௌர்ணமி நிலா வெளிச்சத்தின் அளவுக்கு மங்குகிற இடம் வரைக்கும். 200 மீற்றர் என்றால் அந்த இடத்தில் நிலா வெளிச்சம் அளவுதான். ஆளை அடையாளம் தெரிய வேண்டும் என்றால் அதில் பாதித் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பற்றரி எந்த வகை. பின்னால் இரண்டு கால் பிளக் வைத்து, நேராகச் சுவரில் செருகுகிற பெரிய டோர்ச்சுகள் இருக்கின்றனவே, அவற்றில் அனேகமாக ஈயப் பற்றரி இருக்கும். விலை குறைவு. ஆனால் சார்ஜ் இறங்கி வெறுமையாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்புப் படிந்து பற்றரி செத்துப் போகும். அதை வைத்திருப்பவர்கள் பாவித்த அன்றே சார்ஜ் போட வேண்டும். பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை போட வேண்டும். லித்தியம் பற்றரி கனம் குறைவு, சும்மா இருந்தாலும் சார்ஜ் பல மாதம் நிற்கும். கழற்றி மாற்றக்கூடிய பற்றரியா என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி தளர்ந்தால் பற்றரியை மட்டும் மாற்றலாம். போன் சார்ஜர் வயரிலேயே, டைப்-சியில், சார்ஜ் ஏறுவதாக இருந்தால் இன்னும் நல்லது. வயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காவது, மழை. ஐ.பி.எக்ஸ் 4 என்று இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நமக்கு 4க்குக் குறையக் கூடாது. மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் துவாரத்துக்கு ரப்பர் மூடி இருந்தால் அது இறுக்கமாக உட்கார வேண்டும்.

கடையில் வெட்கப்படாமல் சோதித்துப் பாருங்கள். போட்டு, கூட்டிக் குறைத்து, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். சிமிட்டினால் வேண்டாம். ஈரக் கையால் சுவிட்சை அழுத்த முடிகிறதா பாருங்கள். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன லைட் இருக்கிறதா கேளுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், கேரண்டியை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது நம் பேச்சு நிற்கும். சம்பளத்தன்று லொறியில் வந்து விற்றுவிட்டுப் போகிறவரிடம் மறுநாள் யார் போய்க் கேட்பது?

வாங்கியதைப் பாதுகாப்பதும் முக்கியம். நம்முடைய லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா ஒரே சுவர், ஒரே கூரை. வயரிங் பழையது. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்காது. அதனால் சார்ஜ் போடும்போது படுக்கையில், தலையணைக்கு மேல், துணி மேல் வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். சிமெந்துத் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கிற நேரத்தில் போடுங்கள். மழையில் நனைந்திருந்தால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். வீங்கின பற்றரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. அடுப்பிலும் குப்பை நெருப்பிலும் பற்றரியைப் போடாதீர்கள், வெடிக்கும். கழற்றிய பற்றரியைச் சாவியோடு, சில்லறையோடு ஒரே பையில் வைக்காதீர்கள். டோர்ச்சுக்குக் கதவுப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, எப்போதும் அதிலேயே மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் பார்க்கிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இனி அவர்களே உங்களைக் கேட்பார்கள்.

இப்போது சங்க விடயம். வீட்டு டோர்ச் நம் செலவு. இரவுக் காவலுக்குப் போகிறவரின் டோர்ச் நம் செலவு இல்லை. ஸ்டோரில் இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வருகிற பெண்களின் டோர்ச்சும் அப்படித்தான். அது வேலைக்கு வேண்டிய கருவி. தோட்ட நிர்வாகம் தர வேண்டும், பற்றரி தளர்ந்தால் மாற்றியும் தர வேண்டும். இதைக் கடிதமாக எழுதி இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் பொதுவாக ஒரு நல்ல டோர்ச் வேண்டும். வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டால் யாருக்கும் பாரமில்லை. யார் வீட்டில் இருக்கும், யார் சார்ஜ் பார்ப்பது என்று பெயர் எழுதி வைப்போம். பிரசவம், பாம்புக்கடி, மண்சரிவு எதுவானாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

மண்சரிவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அது காலை நேரம். இரவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டால், வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். டோர்ச் இருக்கிறதே, இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை டோர்ச் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

டோர்ச் வந்துவிட்டால் பாதை கேட்கிற போராட்டம் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்பியூலன்ஸ் லயத்து வாசல் வரைக்கும் வர வேண்டும், பாதையில் லைட் எரிய வேண்டும். அந்தக் கோரிக்கை அப்படியே இருக்கிறது. அது கிடைக்கிற வரைக்கும் அடுத்த மழையில் இன்னொரு தங்கச்சியை நாம்தான் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறோம். அன்றைக்கு முன்னால் தூக்குகிறவருக்குப் படி தெரிய வேண்டும்.