ஐம்பத்தொன்பதா, அறுபத்தொன்பதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது உபயோகமா ஒரு கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் பாய்லர், ட்ரையர் என்று ஏதாவது பேசுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் பேசப்போவது ஹிந்தியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். நான் இன்றைக்குப் பிழைப்பு நடத்துவது அதை வைத்துத்தான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது மொழிக்கொள்கைப் பேச்சு இல்லை. 1938-லும் 1965-லும் நம் பக்கத்துக்காரர்கள் எதற்காகச் சிறைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்; 1968 முதல் இருமொழிக் கொள்கையில் படித்து வந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஒருவன் மேல் ஒரு மொழியை ஏற்றுவது வேறு. எதிரே நிற்கிற மனுஷன் என்ன சொல்கிறான் என்று புரிந்துகொள்வது வேறு.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு ஹிந்தி டீச்சர் மாமி இருந்தார். சாயங்காலம் திண்ணையில் வகுப்பு. தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா இரண்டும் பாஸ் செய்தேன். சர்டிபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஏக், தோ, தீன் என்று ஆரம்பித்து இருபது வரை மனப்பாடம் ஆயிற்று. அதற்குமேல் பரிட்சையில் வராது என்று யாரோ சொன்னார்கள், நானும் நம்பினேன்.

2021 அக்டோபர். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்ததால் குறுவை அமோகம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், ஈரப்பதம் பதினேழுக்கு மேலே போனால் விவசாயி என்ன பாடு படுவான் என்று. நான் ஒரு ரைஸ் மில்லில் ட்ரையர் மாட்டிக்கொண்டிருந்தேன். மில் பெயர் வேண்டாம். மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் பீகார்ப் பையன்கள். இப்போதெல்லாம் நடவுக்கே மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அன்று ராத்திரி வாடகைக் குடோன் ஒன்றில் கூரை ஒழுகியது. நனையாத மூட்டைகளை மட்டும் அவசரமாக மில்லுக்கு மாற்றினார்கள். கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. முதலாளி என்னிடம், "தம்பி, உனக்குத்தான் ஹிந்தி வருமே, எத்தனை மூட்டைன்னு கேட்டு நோட்டுல எழுதி வெச்சிடு, காலைல எடை போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் மழையில் நனைய மனசில்லாமல் பேனல் போர்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி சுமாருக்கு, இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்று, "உன்ஸட், சாப்" என்றான். ஸாட் என்றால் அறுபது. அதில் ஏதோ ஒன்பது மாதிரியும் கேட்கிறது. 69 என்று எழுதினேன்.

காலையில் அட்டியை எண்ணினால் 59 மூட்டை.

பத்து மூட்டை எங்கே? ராத்திரி மழையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வெளியூர்ப் பையன்கள். சந்தேகம் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லவே வேண்டாம். பையனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பத் திரும்ப, "மைனே உன்ஸட் போலா, உன்ஸட் போலா" என்றான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாங்க, இப்பவும் அறுபத்தொம்போதுன்னுதான் சொல்றான்" என்று மொழிபெயர்த்தேன்.

அந்த வாரக் கூலி நிறுத்தப்பட்டது. போலீஸ் என்ற வார்த்தையும் வந்தது. அவனுக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாமி இப்போது இல்லை. அவருடைய மருமகள் அதே திண்ணையில் வகுப்பு எடுக்கிறார். ஒரு குட்டிப் பெண் ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "சத்தாவன், அட்டாவன், உன்ஸட், ஸாட்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். 57, 58, அதுக்கப்புறம் உன்ஸட், அதுக்கப்புறம்தான் ஸாட்.

பைக்கை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குப் போனேன். கதையை அங்கேயே விட்டுவிட்டு, நடுவில் கொஞ்சம் கணக்கு சொல்லித்தருகிறேன். வடக்கே வேலைக்குப் போகிறவர்களுக்கும், நான் செய்ததைச் செய்யப்போகிறவர்களுக்கும்.

தமிழில் பத்து எண்ணும், இருபது முப்பது என்ற பத்துகளும் தெரிந்தால் போதும், நூறு வரை ஒட்டிக்கொண்டே போகலாம். ஹிந்தியில் அது நடக்காது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனி. ஆனால் அதுவும் ஒரு ஒழுங்கில் தேய்ந்ததுதான். நமக்கு ஏகாதசி, துவாதசி, திரயோதசி, சதுர்த்தசி தெரியும் அல்லவா? 11, 12, 13, 14. அதே சமஸ்கிருத எண்கள் வாயில் புரண்டு புரண்டு க்யாரஹ், பாரஹ், தேரஹ், சௌதஹ் என்று ஆகிவிட்டன. காலண்டரில் ஏகாதசி பார்க்கிற பாட்டிக்குக்கூட பாதி ஹிந்தி எண் தெரியும் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, நாம் பத்தை முதலில் சொல்லி ஒன்றைப் பிறகு சொல்கிறோம்: இருபத்தி நாலு. அவர்களுக்கு ஒன்று முதலில், பத்து பிறகு: சௌபீஸ். சௌ என்பது நாலு, பீஸ் என்பது இருபது. காதில் முதலில் விழுவது கடைசி இலக்கம் என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது அந்தப் பாழாய்ப்போன ஒன்பதுகள். 19 முதல் 79 வரை ஒன்பதில் முடிகிற எண் எல்லாம், அடுத்து வரும் பத்தில் ஒன்று குறைவு என்று சொல்லப்படுகிறது. உன் என்றால் குறை. உன்னீஸ் 19. உன்தீஸ் 29, அதில் இருக்கிற தீஸ் முப்பது. உன்தாலீஸ் 39, உன்சாஸ் 49, உன்ஸட் 59, உன்ஹத்தர் 69, உன்யாஸி 79. இதில் உன்சாஸும் உன்ஸட்டும் மழைச் சத்தத்தில் ஒரே மாதிரி கேட்கும். 89-ம் 99-ம் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் நவாஸி, நின்யானவே என்று தனியாக நிற்கின்றன.

டெல்டாக்காரனுக்கு இது மறக்கக்கூடாத விஷயம். திருக்கடையூருக்குப் போகாத குடும்பம் நம்மில் உண்டா? சஷ்டியப்த பூர்த்தியில் வருகிற சஷ்டி, அறுபது, அதுதான் ஸாட். 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்தால்தான் சஷ்டியப்த பூர்த்தி. ஒரு வயசு வித்தியாசத்துக்கு வேறு வேறு ஹோமம் செய்கிற ஊரில் பிறந்துவிட்டு, நான் ஒரேயடியாகப் பத்தைக் கூட்டி எழுதியிருக்கிறேன்.

அரை, கால் கணக்கும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒண்ணரைக்கு டேட், ரெண்டரைக்கு டாயீ. மூணரையிலிருந்துதான் ஸாடே தீன், ஸாடே சார் என்று ஒழுங்காக வரும். ஸாடே ஏக் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒண்ணேகால் என்றால் ஸவா. ஒண்ணேமுக்காலுக்கு பௌனே தோ, அதாவது ரெண்டுக்குக் கால் குறைச்சல். இங்கேயும் குறைச்சுச் சொல்லும் பழக்கம்தான். கஷ்டமாக இருக்கிறது என்பவர்கள் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மாவை அரைமா, காணி, முந்திரி என்று உடைத்துக்கொண்டே போவார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. பெரிய கோயில் கல்வெட்டில் நிலக்கணக்கு அதற்கும் கீழே இறங்குகிறது. அதையெல்லாம் வாயாலேயே போட்ட ஊர் இது.

சரி, மில்லுக்கு வருவோம். முதலாளியிடம் முதலில் சொன்னேன். "என்னப்பா இது, படிச்ச புள்ள" என்றார், அவ்வளவுதான். ஆனால் கூலிப் பணத்தை எண்ணி என் கையிலேயே கொடுத்து, "நீயே போய்க் குடு" என்று அனுப்பினார். அது சரிதான் என்று இப்போது படுகிறது. அப்போது கால் நகரவில்லை.

பையன் ஷெட்டுக்குப் பின்னால் மூட்டையைக் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். காலை ரயிலுக்குக் கிளம்பப்போகிறான் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், கல்தி மேரீ, மாஃப் கரோ என்றேன். பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்தான். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தன் உள்ளங்கையில் 59 என்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் எட்டாவது வரை படித்தவன். எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பான். எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு எழுதத் தெரியும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

அப்புறம் ஒருநாள் படித்துத் தெரிந்துகொண்டது: அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, எந்த எண் வடிவம் என்பதில் பெரிய சண்டை. தேவநாகரி எண்ணா, உலகமெங்கும் வழங்கும் 1, 2, 3-ஆ? 1949 செப்டம்பர் 14 அன்று முடிவானது முன்ஷி-அய்யங்கார் உடன்பாடு. அதன்படி அரசியல் சட்டம் 343-ஆவது பிரிவில் இந்த 1, 2, 3 நிலைத்தது. அந்த அய்யங்கார் என்.கோபாலசாமி அய்யங்கார், நம் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். அவர் பொதுவாக்கி வைத்த எண்ணை நான் ஒரு நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தத் தவறினேன்.

பையன் ஊருக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் நானே அட்டி பக்கத்தில் நின்று அவனோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தேன். முதல் மூட்டைக்கு அவன் ஏக் என்று சொல்லவில்லை, ராம் என்றான். களத்தில் மரக்கால் போடும்போது நம் பெரியவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பார்களே, அதேதான். அன்றிலிருந்து நான் லாபம், அவன் ராம். ஒரு மாசத்தில் எனக்கு நூறு வரை வந்துவிட்டது, மூட்டை மூட்டையாக.

தம்பிகளுக்கு ஒன்று. பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள்; வரிசையில் ஓடிவிட்டு, நடுவில் கேட்டால் முழிப்பீர்கள். இருபது வரை படியுங்கள், பத்துகளைப் படியுங்கள், பிறகு நேரே அந்த ஏழு ஒன்பதுகளுக்குப் போங்கள். சந்தேகம் வந்தால் போன் நம்பர் மாதிரி பாஞ்ச், நௌ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஹிந்திக்காரப் பிள்ளைகளிலேயே நிறையப் பேர் உன்யாஸியா நவாஸியா என்று தடுமாறுகிறார்கள், அதனால் வெட்கம் வேண்டாம்.

சீசன் முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பும்போது, அம்மாவுக்குப் புடவை வாங்க வேண்டும் என்று என்னைத் தஞ்சாவூர்க் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் "தொள்ளாயிரம்" என்றார். அதற்குள் அவனுக்கும் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. ஆயிரம் மட்டும் காதில் விழுந்து, "ஹஜார்?" என்று என்னைப் பார்த்து முகம் சுருங்கினான். எண்ணூறுக்கு அடுத்ததை நாமும் நூறு கணக்கில் சொல்லாமல் ஆயிரத்தோடு ஒட்டித்தானே சொல்கிறோம், தொண்ணூறை நூறோடு ஒட்டுகிற மாதிரி. அவனுக்கு எப்படிப் புரியும்?

பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் 900 என்று எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, நூறு ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு, தங்கைக்கு வளையல் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

பந்திக்கு இலை போட்டாச்சு என்று செயலாளர் கை காட்டுகிறார்.