முடி நடவு: அடர்த்தியும் மறைப்பும்



வழுக்கைத் தலையைப் பிறர் நகைப்புக்கு உரிய பொருளாகக் கருதலாம். அது வந்தவருக்கு அப்படி அன்று. இருபத்தைந்து வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கிய இளைஞர் கண்ணாடி முன் நிற்கும்போது படுகிற மனச்சங்கடத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் இன்று பலர் சேமித்த பணத்தையும், சில வேளைகளில் கடன் வாங்கிய பணத்தையும் கொடுத்து, தலையில் முடி நடவு செய்துகொள்கின்றனர். செய்துகொண்ட பின்னர், ‘நடவு நன்றாக வந்திருக்கிறதா, இல்லையா?’ என்ற கேள்வி எழுகிறது. அதை எப்படிச் சீர்தூக்கிப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இந்தச் சிகிச்சை இன்னதென்று தெரிந்துகொள்வோம். பின்னந்தலையிலும் காதோரங்களிலும் உள்ள முடி பெரும்பாலும் வழுக்கைக்கு இரையாவதில்லை. அந்த முடியை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் அது தன் பழைய குணத்தை விடாது. நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952ஆம் ஆண்டில் வழுக்கைக்கு இந்த நடவைச் செய்தார். 1959இல் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார். ஜப்பானிய மருத்துவர் ஒக்குடா 1939ஆம் ஆண்டிலேயே தழும்பு விழுந்த இடங்களில் முடி நட்ட விவரத்தை வெளியிட்டிருந்தார். இதில் நாம் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. முடி நடவு புதிய முடியை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவே.

இனி, அடர்த்தி, மறைப்பு என்ற இரண்டு சொற்களைப் பிரித்து அறிவோம். எங்கள் பெக்கோக் வட்டாரத்தில் செம்பனை மறுநடவு நடக்கும் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 143 கன்றுகள் வரும். நட்ட அன்று எண்ணினாலும் 143. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து எண்ணினாலும், ஒன்றும் சாகவில்லையென்றால், அதே 143. ஆனால் நட்ட அன்று மண் முழுதும் வெயில். மரம் வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பிறகோ தரையில் நிழல். எண்ணிக் கண்ட கணக்கு அடர்த்தி. தரையை மூடிய நிழல் மறைப்பு. சாலையில் நின்று பக்கவாட்டில் நோக்கினால் இளங்கன்றுத் தோட்டமும் நெருக்கமாகவே தெரியும். மேட்டில் ஏறி நோக்கினால்தான் இடைவெளி தெரியும். தலையும் அப்படித்தான். முகத்துக்கு நேரே எடுத்த படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

அடர்த்தி மட்டும் போதாது என்பதற்கு இந்தச் சிகிச்சையின் வரலாறே சான்று. தொடக்கக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துண்டுகளாகத் தோலை எடுத்து நட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் பல முடிகள் நெருக்கமாக இருந்தன. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் வெறுந்தோல் தெரிந்தது. பார்ப்பதற்குப் பொம்மையின் தலையில் முடி செருகியதுபோல் இருந்தது. பிற்காலத்தில், ஒன்று முதல் நான்கு முடிவரை இயற்கையாகவே சேர்ந்து முளைக்கும் சிறு கொத்துகளைத் தனித்தனியே பிரித்து நடும் முறை வந்தது. இந்தக் கொத்தைத்தான் இன்று கிராஃப்ட் என்கிறார்கள். விளம்பரத்தில் ‘ஐயாயிரம்’ என்று கண்டால், அது கொத்தின் கணக்கா, முடியின் கணக்கா என்று கேளுங்கள். ஒரு கொத்தில் சராசரியாக இரண்டு முடி இருப்பதால், இரண்டு கணக்குக்கும் பாதிக்குப் பாதி வேறுபாடு உண்டு.

வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 100 கொத்துகள்வரை இருக்கும். நடவில் அந்த அளவை எட்ட முயல்வது அரிது. 30 முதல் 45 வரை நடுவதே வழக்கம். இது ஏமாற்று அன்று. இயற்கை முடியில் ஏறத்தாழப் பாதி குறையும்வரை பிறர் கண்ணுக்கு வெறுமை தெரிவதில்லை. ஆகவே அந்தப் பாதியே பல இடங்களில் மறைப்புக்குப் போதும்.

வழுக்கையின் பரப்பை வீட்டிலேயே அளக்கலாம். மெல்லிய கண்ணாடித்தாளைத் தலைமேல் வைத்து, வழுக்கையின் எல்லையைப் பேனாவால் வரையுங்கள். பின் அதை வரைபடத்தாளின்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். 60 சதுர சென்டிமீட்டர் வந்ததாகக் கொள்வோம். 2,400 கொத்துகளை அங்கே நட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 40 வரும். அதே 2,400 கொத்துகளை உச்சந்தலைக்கும் சேர்த்து 120 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் 20தான் வரும். வகுத்தல் தெரிந்த மாணவன் போடக்கூடிய கணக்கு இது. ஆயினும் பலர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எண்ணிக்கை சமமாக இருந்தாலும் மறைப்பு சமமாக இராது. 0.06 மில்லிமீட்டர் தடிப்புள்ள முடியையும் 0.08 மில்லிமீட்டர் தடிப்புள்ள முடியையும் ஒப்பிட்டால், குறுக்குவெட்டுப் பரப்பு 36க்கு 64 என்றாகிறது. சுருள்முடி நேர்முடியைவிட அதிக இடத்தை மூடும். தோலின் நிறமும் முடியின் நிறமும் நெருங்கியிருந்தால் இடைவெளி கண்ணில் படாது. கருமுடியும் மாநிறமும் உடைய நம்மவர்க்கு இது ஓரளவு அனுகூலமே.

அடுத்து, காலம். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே உறங்கும். மூன்றாம் நான்காம் மாதங்களில் மெல்லிய முடி தலைகாட்டும். ஓராண்டு அளவில்தான் தடித்து நிறையும். உச்சந்தலைக்குப் பதினெட்டு மாதங்கள்கூட ஆகலாம். ஆகையால் மூன்றாம் மாதத்தில் ‘பணம் போயிற்று’ என்று மனம் உடைவதும், உடனே மறுபடி நடச் சொல்லி ஓடுவதும் தவறு.

நேர்மையாகச் சோதிக்க விரும்புகிறவர், சிகிச்சைக்கு முன்னும், பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், ஒரே முடிநீளத்தில் படம் எடுக்க வேண்டும். முன், உச்சி, பின், இரு பக்கங்கள் என ஐந்து கோணங்கள் தேவை. உலர்ந்த முடியோடு ஒருமுறை, நனைத்து ஒருமுறை எடுங்கள். நனைந்த முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மறைப்பின் குறை வெளிப்படும். எண்ணிக்கை வேண்டுமானால், உருப்பெருக்கிக் கருவியால் மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி காணும்படி மருத்துவரைக் கேட்கலாம். நடவுக்கு முன்பே அங்கு இருந்த முடியையும் எண்ணி வைத்திருந்தால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. அந்தப் பழைய முடி பின்னர் உதிரவும் கூடும். நட்டது பிழைத்திருந்தும் தலை மெலிந்து தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

முன்னால் நிறைந்ததை நோக்கும்போது பின்னந்தலையையும் நோக்குங்கள். அங்கே எடுத்த கொத்து மறுபடி முளைப்பதில்லை. வாழ்நாளில் எடுக்கத்தக்கது பெரும்பாலோர்க்கு நாலாயிரம் முதல் ஆறாயிரம் கொத்துகள்வரை என்பர். இளம் வயதில் எல்லாவற்றையும் முன்நெற்றியில் செலவிட்டவருக்கு, ஐம்பதில் உச்சி வெளுக்கும்போது கையிருப்பு இராது.

நம்மவர்க்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று உண்டு. தைப்பூச நேர்த்திக்கடனுக்கோ, பெற்றோரின் கருமக்கிரியைக்கோ மொட்டையடிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? தோலைப் பட்டையாக அறுத்து எடுக்கும் முறையில் பின்னந்தலையில் நீண்ட கோட்டுத் தழும்பு நிற்கும். கொத்துகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் முறையில் சிறு வெண்புள்ளிகள் நிற்கும். முடி வளர்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் இவை மொட்டையில் வெளிப்படும். புண் நன்கு ஆறியபின் மழித்தால் வேருக்குக் கேடில்லை; எப்போது மழிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. 1928ஆம் ஆண்டிலேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற அறிஞர் சோதனை செய்து இதைக் காட்டினார்.

அழகுக்காகச் செய்வதாயினும் இது அறுவை என்பதை மறக்க வேண்டாம். 2016இல் சென்னையில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர் முடி நடவுக்குப் பின் உயிரிழந்தார். 2022இல் இந்திய தேசிய மருத்துவ ஆணையம், பதிவு பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. நம் நாட்டிலும், கத்தியை எடுப்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, அந்த ஆண்டுக்குரிய தொழிற்சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நம் உரிமை. விலை மலிவு என்ற ஒன்றையே கருதித் தலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகவே நேயர்களே, சிகிச்சைக்கு முன்பே பரப்பை அளந்து, கொத்தின் தொகையை வகுத்துப் பாருங்கள். ஓராண்டு பொறுங்கள். ஒரே வெளிச்சத்துப் படங்களை ஒப்பிடுங்கள். முன்னால் வந்ததோடு பின்னால் மிஞ்சியதையும் கணக்கில் சேருங்கள். இவ்வளவும் செய்தவர் பிறருடைய விளம்பரத்துக்கும் மயங்கமாட்டார். தம்முடைய அவசரத்துக்கும் பலியாகமாட்டார்.