சவர பிரஷ்



சவரத்திற்கு உபயோகிக்கும் பிரஷைப் பற்றி இன்று பேசப் போகிறேன். இதற்கும் ஒரு பேச்சா என்று மாணவர்களில் சிலர் நகைக்கலாம். மாணவிகளோ, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்ப நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இந்தப் பொருளுக்குள் கொஞ்சம் ரசாயனம் இருக்கிறது. கொஞ்சம் விலங்கியல் இருக்கிறது. உலக யுத்தத்தின் சரித்திரத்தில் ஒரு சோகமான பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பொருளை அதன் பெயரையும் விலையையும் கண்டு வாங்குவதா, அது செய்யவேண்டிய வேலையைக் கண்டு வாங்குவதா என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது.

முதலில், பிரஷ் எதற்கு என்று பார்ப்போம். உலர்ந்த தாடி ரோமம் மிகவும் விறைப்பானது. ரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது நீரை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் ரோமம் பருத்து, விறைப்புத் தளர்ந்து, கத்திக்கு எளிதில் இணங்கிவிடும். நம் ஊர் நாவிதர் இந்த உண்மையை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் சிறு பித்தளைக் கிண்ணியில் நீரை வைத்துக்கொண்டு, கன்னத்தை விரல்களால் வெகு நேரம் நீவிவிட்ட பிறகே அவர் கத்தியைக் கையில் எடுப்பார். அவருடைய விரல்கள் செய்த வேலையைத்தான் பிரஷ் செய்கிறது. நீரை முகத்திற்குக் கொண்டுசேர்க்கிறது; படிந்து கிடக்கும் ரோமத்தை நிமிர்த்துகிறது; சோப்பு, நீர், காற்று மூன்றையும் ஒன்றாகக் கலந்து நுரையாக்குகிறது. அந்த நுரை நீரை உலரவிடாமல் காத்து, கத்தி வழுக்கிச் செல்ல வழிசெய்கிறது.

நுரை எழுப்புவதில் இரண்டு முறைகள் உண்டு. கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றி நுரையைத் திரட்டிப் பின் முகத்தில் பூசுவது ஒரு முறை. சோப்பில் பிரஷைத் தேய்த்துவிட்டு, நேரே கன்னத்திலேயே சுழற்றி நுரை எழுப்புவது மற்றொரு முறை. முதல் முறையில் பிரஷ் வெறும் அகப்பை. நுரையை அள்ளி வைத்தால் போதும். இரண்டாவது முறையில் அதுவே மத்து. கன்னத்தின்மீது அழுத்திச் சுழற்றும்போது சாய்ந்துவிடாமல் நிற்கும் உறுதி அதற்கு வேண்டும். அதே சமயம் தோலைக் கீறாத மென்மையும் வேண்டும். இவ்விரண்டு குணங்களும் ஒன்றாக அமைவது எளிதன்று. நல்ல பிரஷைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சங்கடமெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

மேல்நாட்டார் இதற்கு மிகவும் உகந்ததெனக் கண்டது பாட்ஜர் என்னும் பிராணியின் ரோமம். வளைக்கரடி என்று இதைத் தமிழில் சொல்லுகிறோம். ஆனால் இது கரடி இனத்தைச் சேர்ந்ததன்று; நீர்நாய்க்கு உறவு. குட்டைக் கால்களும், மண்ணைப் பறிக்கும் வலிய நகங்களும், வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்ட முகமும் கொண்டது. பகலில் வளையில் உறங்கி இரவில் இரை தேடும். இதன் ரோமத்தில் நுனி வெளுத்தும் நடு கறுத்தும் அடி மறுபடியும் வெளுத்தும் இருக்கும். நுனி ஊசிபோல் மெலிந்து முடிவதால் மென்மை. நடுப்பகுதி தடித்திருப்பதால் உறுதி. ரோமங்களுக்கிடையே நீரும் நன்றாகத் தங்கும். பிரெஞ்சு மொழியில் இந்தப் பிராணிக்கு ‘ப்ளேரோ’ என்று பெயர். சவர பிரஷுக்கும் அதே பெயர்தான். ஒரு பிராணியின் பெயர் அதன் ரோமத்தால் ஆன கருவிக்கே பெயராகிவிட்டதென்றால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நெருக்கமானதென்று எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் பிரஷ் செய்வது நெடுங்காலத்துத் தொழில். அங்கே கென்ட் என்னும் நிறுவனம் 1777-ஆம் ஆண்டிலும், ஸிம்ப்ஸன் என்னும் நிறுவனம் 1919-ஆம் ஆண்டிலும் தோன்றின.

இனி என் கதைக்கு வருகிறேன். லண்டனில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, முதன்முதலாக ஒரு நல்ல பிரஷ் வாங்கவேண்டுமென்ற ஆசை எழுந்தது. ஒரு கடைக்குச் சென்று, “உங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்தது எது?” என்று கேட்டேன். என் பிழை அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிட்டது. எதற்குச் சிறந்தது என்று நான் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. வெள்ளி நுனி என்று பெயர் பெற்ற பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நெடிதாய், வெண்மையாய், மலர்ந்த தாழம்பூப் போல இருந்தது. இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவை அதற்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எனக்கு ஒரு முக்கியமான பேட்டி. பிரஷை நனைத்துக் கன்னத்தில் வைத்தேன். அது நனைந்த பூனையின் வால்போலத் துவண்டு விழுந்தது. எவ்வளவு சுழற்றினாலும் நுரை முகத்திற்கு வரவில்லை. சோப்பெல்லாம் ரோமக் காட்டிற்குள்ளேயே தங்கிவிட்டது. போதாக்குறைக்கு லண்டன் தண்ணீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம் உப்புக்கள் சோப்போடு சேர்ந்து நுரையைத் திரைத்துவிடும். சென்னையில் உப்புக் கிணற்று நீரில் சோப்பு தேய்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். நேரமாகிவிட்டதே என்று அரைகுறை நுரையிலேயே கத்தியை ஓட்டினேன். மோவாயில் மூன்று இடங்களில் காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு பேட்டிக்குப் போனேன். கேள்வி கேட்டவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காகிதங்களைத்தான் பார்த்தார்கள்!

சில நாள் கழித்து வேறொரு கடையில், வயது முதிர்ந்த ஊழியர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கிண்ணத்திலா, முகத்திலா?” என்று ஒரே கேள்வி கேட்டார். முகத்தில் என்றேன். சிறிய, குட்டையான பிரஷ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ரோமம் விரிந்தது; கையை எடுத்தவுடன் துள்ளி நிமிர்ந்தது. “இது உங்கள் பிரஷ், அது வேறொருவருடையது” என்றார். முன்னதன் விலையில் பாதிகூட இல்லை. நான் இன்றும் உபயோகிப்பது அதைத்தான்.

அவரிடமும் அனுபவத்திலும் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கவனிக்கவேண்டியவற்றுள் முதலாவது உயரம். பிடியின் விளிம்பிலிருந்து ரோமத்தின் நுனி வரையில் உள்ள அளவு அது. ஒரே பருமனுள்ள இரண்டு பிரஷ்களில், உயரம் குறைந்ததே உறுதியாக நிற்கும். குட்டைத் தென்னங்கன்றும் நெட்டைத் தென்னையும் காற்றில் ஆடுவதில் உள்ள வேற்றுமைதான் இது. முகத்தில் நுரை எழுப்ப 45 முதல் 52 மில்லிமீட்டர் உயரம் பெரும்பாலும் போதும். இரண்டாவது பருமன். பிடியின் வாயில் ரோமக் கட்டின் குறுக்களவு 20 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதற்கு மிகப் பெரிதானால் மூக்கும் காதும் சேர்ந்து நுரையில் முழுகும், சோப்பும் வீணாகும். மூன்றாவது வடிவம். விசிறிபோல விரிந்ததைவிட, மின்சாரக் குமிழ் விளக்குப் போல உருண்டு குவிந்தது கன்னத்தில் நன்றாக ஊன்றும். நான்காவது அடர்த்தி. ரோமம் நெருங்கியிருந்தால் உறுதி மிகும். அளவு கடந்து நெருங்கினால் நுரை வெளியே வராது.

தரத்தின் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தம், உத்தமம், அதியுத்தமம், வெள்ளி நுனி என்று பொருள்படும் பெயர்களைக் கடைகளில் இட்டு வழங்குகிறார்கள். ‘சுத்தம்’ என்றால் மற்றவை கலப்படம் என்று எண்ணிவிடாதீர்கள். வரிசையில் கடைசித் தரத்திற்குத்தான் அந்தப் பெயர். அதன் ரோமம் கறுத்து, சற்றே முரடாக இருக்கும். மேலே போகப் போக நுனி வெளுத்து மென்மை கூடும். இவற்றிற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. ஒருவர் உத்தமம் என்பதை இன்னொருவர் அதியுத்தமம் என்பார். ஆகையால் பெயரை நம்பாதீர்கள், உள்ளங்கையை நம்புங்கள். நல்ல பிரஷின் குவிந்த வடிவம் கத்தரிக்கோலால் வந்ததன்று. ரோமங்களைக் குழிந்த அச்சில் நுனி கீழாக நிறுத்தி, அடியைக் கட்டி அமைப்பார்கள். மேலே வெட்டிச் சீராக்கியிருந்தால் மெல்லிய நுனி போய்விடும். மழுங்கிய முனைகள் தோலைக் குத்தும்.

போலிகளைக் கண்டறிவது தோலுக்காக மட்டுமன்று. முதல் உலக யுத்த காலத்தில் இது உயிருக்கே உலையாயிற்று. பாட்ஜர் ரோமம் விலை மிகுந்தது. ஆதலால் குதிரை ரோமத்திற்கு அதைப் போலச் சாயமேற்றி, மலிவான பிரஷ்களைச் செய்தார்கள். ஆசியாவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் வந்த குதிரை ரோமம் அதற்குமுன் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தொற்று நீக்கப்பட்ட பிறகே பிரஷ் செய்வோரிடம் போகும். யுத்தத்தால் அந்த வழி அடைபட்டது. ரோமம் சுத்தம் செய்யப்படாமலே வந்து சேர்ந்தது. அதில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துக்கள் ஒளிந்திருந்தன. நம் கிராமத்தார் மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்று அறிந்திருக்கும் நோய்தான் அது. அதன் வித்துக்கள் உலர்ந்த ரோமத்தில் நெடுங்காலம் உயிரோடு இருக்க வல்லவை. சவரக் கத்தி கீறிய சிறு காயமே அவற்றிற்கு வாசலாயிற்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்வீரரும் பொதுமக்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இந்நோய்க்கு ஆளானார்கள், பலர் மாண்டார்கள். பீரங்கிக்குத் தப்பவேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு வாலிபன், காலையில் முகம் மழித்துக்கொண்டதால் இறந்தான் என்றால் அதைவிடக் கொடுமை வேறென்ன? 1919-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1920-இல் ஜப்பானியச் சவர பிரஷ்களின் இறக்குமதியையும் தடை செய்தது. இன்று விற்பனைக்கு வரும் ரோமம் சுத்தம் செய்யப்பட்டே வருவதால் நாம் அஞ்சவேண்டியதில்லை. எனினும், எங்கிருந்து வந்தது, எவ்விதம் சுத்தம் செய்யப்பட்டது என்று தெரியாத பழைய பிரஷைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

வாங்கிய பிரஷைப் பேணுவது எளிது. கொதிநீரில் முக்காதீர்கள், ரோமமும் கெடும், அதைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். வெதுவெதுப்பான நீரில் சிறிது ஊறவைத்து உதறிவிட்டு, சோப்பில் அரை நிமிஷம் தேயுங்கள். பிறகு கன்னத்தில் மெல்லச் சுழற்றுங்கள். நுரை வறண்டால் நுனியை மட்டும் நீரில் தொட்டுக்கொள்ளுங்கள். அடிவரை நசுங்கும்படி அழுத்தினால் நடுவில் உள்ள ரோமங்கள் முறிந்துபோகும். முடிந்ததும் சோப்பு போகக் கழுவி, உதறி, காற்றாட வையுங்கள். புதிய பிரஷில் பிராணியின் வாடை சிறிது வீசும். நாலைந்து முறை கழுவினால் போய்விடும். இவ்வளவு செய்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பழைய ஊழியர் சொல்லாமல் விட்ட கேள்வி இது. நானும் அன்று கேட்கவில்லை. ஆட்டு ரோமத்தைக் கத்தரித்தால் ஆடு மேயப் போகிறது. பாட்ஜரின் ரோமமோ அதன் தோலோடுதான் கிடைக்கிறது. பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பிராணியைப் பாதுகாக்கின்றன. ஆகையால் பிரஷுக்கான ரோமம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. தன் நாட்டுத் தோப்பில் திரியும் பிராணியைக் காப்பாற்றிவிட்டு, தூர தேசத்துப் பிராணியின் ரோமத்தால் முகம் நுரைத்துக்கொள்வது நமக்கெல்லாம் எளிதாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துன்பம் விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

இக்காலத்தில் செயற்கை இழைகளால் ஆன பிரஷ்கள் வந்துவிட்டன. ஆதியில் வந்த நைலான் பிரஷ்கள் துடைப்பம்போல் இருந்தன. இன்றைய இழைகளோ நுனி மெலிந்து, முகத்தில் நுரை எழுப்புவதில் பாட்ஜருக்கு அதிகமாகப் பின்தங்குவதில்லை; விரைவில் உலர்ந்தும் விடுகின்றன. நான் சொன்ன உயரமும் பருமனும் வடிவமும் அவற்றிற்கும் பொருந்தும்.

என் மேஜைமேல் இருக்கும் அந்தச் சிறு பிரஷை நான் எறிந்துவிடப் போவதில்லை. ஒரு பிராணி தந்ததை வீணாக்குவது இரட்டைப் பிழை. அது தேயும் வரையில் பேணி உபயோகிப்பேன். ஆனால் அது தேய்ந்த பிறகு இன்னொரு பாட்ஜரை நான் தேடமாட்டேன். முதல் முறையாக பிரஷ் வாங்கப் போகும் மாணவ நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, “எது மிகச் சிறந்தது?” என்று கேட்டால், “கிண்ணத்திலா, முகத்திலா?” என்று முதலில் கேட்பேன். அதற்குப் பின், “எதன் ரோமம்?” என்றும் கேட்பேன். இரண்டுக்கும் விடை சொல்லிவிட்டு அவர் வாங்குவது எதுவாயினும், அது அவருடைய பிரஷாக இருக்கும்.