வெட்கத்தை விதைத்து வியாபாரம்

(சீத்தா கேம்ப் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்தெடுத்து நம்மை இந்தச் சேற்று நிலத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

விற்பதே குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. சோப்பு விற்கிறவன் அழுக்கைக் காட்டி விற்கிறான், அழுக்கு உண்மை. கறுப்பு என்ன அழுக்கா, நோயா? இல்லாத நோயை உண்டாக்கி, பிறகு மருந்தை நீட்டுவதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

எப்படி உண்டாக்கினார்கள்? ஒரு விளம்பரம் வந்தது. மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்குகிறான். மகள் க்ரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள்! படிப்பு எங்கே, தேர்வு எங்கே என்று கேட்கக்கூடாது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியதால் 2003-இல் அது நின்றது. 2005-இல் இமாமி கம்பெனி ஆண்களுக்கென்றே ஒரு க்ரீம் கொண்டுவந்தது. சமத்துவம் வந்துவிட்டது, பாருங்கள்!

நிற அட்டை என்று ஒன்று வைத்திருந்தார்கள். துணிக்கடையில் சாயம் பார்ப்பதுபோல நம் பெண் பிள்ளை கண்ணாடி முன் நின்று தன் தோலை அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 2019-இல்தான் அதை எடுத்தார்கள். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகம் கொதித்தபோது, 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பெயரை மாற்றினார்களே தவிர கடையை மூடவில்லை.

கம்பெனியை மட்டும் ஏசிப் பயனில்லை. "நிறம் கொஞ்சம் மட்டு" என்று பெண் பார்க்கும் வீட்டில் சொல்பவர் யார்? கம்பெனிக்குக் கூலியில்லாமல் விளம்பரம் செய்பவர்கள் நாம்தானே!

தாய்மார்களே, இன்னும் கொடியது ஒன்று உண்டு. தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத டப்பா க்ரீம்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். தோல் விரைவில் வெளுக்கும்; பாதரசமோ இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-இல் கேரளத்து மலப்புரத்தில் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். க்ரீம் பூசுகிற பிள்ளைக்குக் காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.