ஜாதிக்காய்க் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தத் தடவை கான்கிரீட், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம்ப்பா, வேற ஏதாவது பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் சரித்திரம் பேசப் போகிறேன். சரித்திரத்தில் நான் வாங்கிய மார்க் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் அங்கே சிரிப்பது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வயிறு சரியில்லை என்றால் அம்மா ஜாதிக்காயை உரைகல்லில் இழைத்துக் கொடுப்பார். ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, இது எங்க விளையுது?" "நாட்டு மருந்துக் கடையில" என்றார் அம்மா.

சிரிக்காதீர்கள். 500 வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பியர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். அவர்களுக்குத் தெரிந்த கடை வெனிஸ் நகரம். அங்கே வருவதற்குள் சரக்கு மலாக்கா, குஜராத், செங்கடல், அலெக்சாண்டிரியா என்று பல கை மாறும். கைக்குக் கை லாபம் ஏறும். நடுவில் இருப்பவர்களைத் தாண்டி மூலத்துக்கே போய்விட வேண்டும் என்பதுதான் அந்தக் கடற்பயணங்களுக்குப் பெரிய காரணம். மதமும் புகழாசையும் கூடவே வந்தன.

1488-இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தார். கடைசிக் கட்டத்தில் அவருக்கு வழிகாட்டியவர், ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தியில் ஏறிய, பருவக்காற்று தெரிந்த ஒரு மாலுமி. போர்ச்சுக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1512-இல் ஜாதிக்காய் விளையும் இடத்துக்கே போய்விட்டார்கள். அதுதான் பாண்டா தீவுகள். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். அன்றைக்கு உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய் எல்லாம் அங்கிருந்துதான்.

அடுத்து டச்சுக்காரர்கள். 1602-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். பொதுமக்களிடம் பங்கு திரட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் வீட்டுவேலை செய்த ஒரு பெண்கூடப் பங்கு வாங்கியிருக்கிறார். போட்ட பணத்துக்கு லாபம் வேண்டும். அதற்கு ஜாதிக்காய் தங்களிடம் மட்டுமே கிடைக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

பாண்டா மக்களோ பரம்பரையாக வியாபாரம் பண்ணினவர்கள். அரிசியும் துணியும் வெளியிலிருந்து வந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. ஒருவனுக்கே விற்பது என்று சில தலைவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள், எல்லோரும் போடவில்லை. ஜாவாக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் விற்பனை தொடர்ந்தது. 1609-இல் டச்சுத் தளபதி ஒருவர் அங்கே கொல்லப்பட்டார்.

1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற கவர்னர் ஜெனரல் படையோடு வந்தார். 44 தலைவர்களைக் கொல்லச் சொன்னார். ஊர்கள் எரிந்தன, பட்டினியில் பலர் செத்தார்கள், பலர் தப்பி ஓடினார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஓராயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு நிலத்தைத் தோட்டங்களாகப் பிரித்து, அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள்.

இதில் நம்ம பக்கமும் சம்பந்தம் உண்டு. மசாலாத் தீவுகளில் சரக்குக்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. அதை வாங்கத்தான் பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக் கோட்டை எழுந்தது. துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. நம் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப் படேவியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

கம்பெனிக் கணக்குப்புத்தகத்தில் பாண்டா லாபமான இடம். அந்தக் கம்பெனியும் 1799-இல் கடனோடு முடிந்துபோனது.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்கான இடத்தை நான் சர்வே செய்தேன். நல்ல வெயில். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் மோர் குடிச்சிட்டு அளங்க" என்று தூக்குச்சட்டியை நீட்டினார். குடித்தேன். சாயங்காலம் ரிப்போர்ட்டில் எழுதினேன்: "நிலம் காலி. உபயோகத்தில் இல்லை." அவரிடம் பட்டா கிடையாது, அதனால் என் ரிப்போர்ட்டில் அவர் கிடையாது. யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. ரிப்போர்ட் பிரமாதம் என்றார்கள். அடுத்த முறை போனபோது வேலி போட்டிருந்தது. அந்த அம்மாவைப் பார்க்கவில்லை.

நான் கூன் இல்லை. கத்தி எடுக்கவில்லை. ஆனால் பாண்டாவைப் பற்றிப் படித்த அன்றைக்கு அந்த மோர்தான் ஞாபகம் வந்தது. லாபம் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே இருக்கும் ஆள் தெரியமாட்டார். நேரில் போய்ப் பார்க்கிறவர்கள் நாம்தான். நாமும் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

தப்பிப் போன பாண்டா மக்களின் சந்ததியார் கெய் தீவுகளில் இருக்கிறார்கள். 400 வருடம் கழித்தும் அங்கே பாண்டா மொழி பேசுகிறார்கள்.

இப்போதெல்லாம் என் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாக வைக்கிறேன்: "இந்த இடத்தில் நான் பார்த்தவர்கள்." சில சமயம் மேலிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே இருக்கும் என் தம்பிமார்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.