இருந்த இடத்தில் கரையும் தசை



இன்றைய பேச்சு விண்வெளியில் தொடங்கி, நம் வீட்டுக் கதிரையில் வந்து முடியும்.

கனடிய விண்வெளி வீரர் டேவிட் சென்-ஜாக் 2018 டிசம்பரில் புறப்பட்டு, 204 நாட்களின் பின் 2019 ஜூனில் பூமிக்குத் திரும்பினார். விண்வெளி நிலையத்தில் தங்குபவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தை உடற்பயிற்சிக்கென ஒதுக்குகிறார்கள். வேலை குவிந்து கிடக்கும் இடத்தில் ஏன் இவ்வளவு நேரம்? எடையற்ற நிலையில் உடலைத் தாங்கும் வேலை கால்களுக்கும் முதுகுக்கும் இல்லை. வேலையில்லாத தசை மெலிந்து போகிறது.

நம் தசையில் உள்ள புரதம் நாள்தோறும் உடைகிறது; நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. கணக்காளன் பாஷையில் சொன்னால், வரவும் செலவும் ஓயாமல் எழுதப்படும் பேரேடு அது. சுமை தூக்காத நாட்களில் வரவு குறைகிறது, செலவு நிற்பதில்லை.

தசையைத் திருத்துவதற்கும் உடலில் ஆட்கள் உண்டு. தசைநாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு கலங்களை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். தசையில் காயம் பட்டால் இவை விழித்து, பெருகி, நாருடன் சேர்ந்து பழுதைத் திருத்துகின்றன. வயது ஏற ஏற இவற்றின் சுறுசுறுப்புக் குறைகிறது. 25 வயதில் படுக்கையில் கிடந்து எழும்புவது வேறு, 75 வயதில் எழும்புவது வேறு.

இதற்கு விண்வெளிக்குப் போகத் தேவையில்லை. பக்கத்திலே ஹமில்டனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி 72 வயதுடைய, ஆரோக்கியமான பத்துப் பேர் இரண்டு வாரத்துக்குத் தங்கள் நடையை நாளுக்கு ஏறத்தாழ 1,400 அடிகளாகக் குறைத்தார்கள். படுக்கவில்லை, நடை மட்டும் குறைந்தது. கால்களின் தசைத் திணிவு ஏறத்தாழ 4 சதவீதம் போய்விட்டது. உணவுப் புரதத்தைக் கொண்டு தசை கட்டும் வேகமும் கால்பங்கு குறைந்தது. நல்ல சாப்பாடு மட்டும் போதாது என்பது இதன் பொருள்.

2018-இல் அதே பல்கலைக்கழகத்தார் நீரிழிவின் வாசலில் நின்ற, உடற்பருமன் கூடிய முதியோரிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு வார முடக்கத்துக்குப் பின் மேலும் இரண்டு வாரம் வழமைபோல நடந்தும், அவர்களின் தசை கட்டும் வேகமும் சீனிக் கட்டுப்பாடும் பழைய நிலைக்கு வரவில்லை.

நேயர்களே, நம் வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்த அம்மாவை, இங்கே அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் இருத்தி வைத்திருக்கிறோம். நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே பனி. ஒரு கோப்பையைக் கழுவ எழும்பினாலும், “நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்” என்கிறோம். மரியாதையோடும் பாசத்தோடும்தான் சொல்கிறோம். ஆனால் அந்த இருக்கை இரண்டு வாரமல்ல, ஐந்து மாதம். வசந்தம் வரும்போது படியேறக் கால் நடுங்குகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு, பிறகு வைத்தியசாலைக் கட்டில், அங்கே மேலும் தசை போகிறது.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதை ஒரு தடவைக்குப் பத்து முறையாக, நாளுக்குச் சில தடவை செய்யலாம். மாடியின் நடையோடையிலோ பேரங்காடியிலோ நடக்கலாம். பருப்பு, முட்டை, மீன் ஒவ்வொரு நேரமும் கொஞ்சம் சேரட்டும். இருதய வருத்தம், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா கோப்பையைக் கழுவட்டும். அப்பா பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்வரை கூட்டிச் செல்லட்டும். வழுக்கும் நாளில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்போம்.