ஊற்றுக்கண் முதல் கடைசிக் குழாய் வரை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மலையில் வாழும் நமக்குமா குடிநீர்த் தட்டுப்பாடு என்று சமவெளி உறவினர்கள் வியந்து கேட்பதுண்டு. வியப்பதற்குக் காரணமும் உண்டு. பழனி மலையின் வடசரிவு நீர் சண்முகநதி வழியே அமராவதியைச் சேர்கிறது. தென்சரிவு நீர் வைகைக்குப் போகிறது. நம் பேரிஜம் ஏரி பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தருகிறது. ஆயினும் மாசி, பங்குனி வந்தால் மலைச்சிற்றூர்களில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. மழைக்குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. பராமரிப்புக் குறைவும் காரணமாகும். இதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஊற்றைக் கவனிப்போம். சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உள்வாங்கிக் கோடையில் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. கடந்த நூற்றாண்டில் அப்புல்வெளிகளில் பெரும்பகுதி வாட்டில், தைலமரம், பைன் தோட்டங்களாக மாறிற்று. 2013ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் அக்காட்டில் எப்பணிக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலியிடுவதும், அழுக்குநீர் புகாதவாறு மேற்புறம் வாய்க்கால் வெட்டுவதும், அதன் அருகே பூச்சிமருந்து தெளிக்காதிருப்பதும் ஊரார் கடமையே.

அடுத்தது அளவு. ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் ஊற்றின் கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். 20 லிட்டர் வாளி 40 வினாடியில் நிறைந்தால், நாளொன்றுக்கு 43,200 லிட்டர் நீர் வருகிறது. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஒருவருக்கு 55 லிட்டர் என்றால், இரவு நீரையும் தொட்டியில் தேக்கும்போது ஏறத்தாழ 785 பேருக்கு இது போதும். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசியும் ஒரு குழாய் இணைப்போ நாளொன்றுக்கு 1,440 லிட்டரை, அதாவது 26 பேரின் பங்கை, மண்ணில் கொட்டுகிறது. மாதம் ஒருமுறை அளந்து குறிப்பேட்டில் எழுதிவந்தால், கோடைக்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி மின்கட்டணச் சுமையைக் குறைக்க 2006இல் ஒரு கோடியே 55 இலட்சம் ரூபாயில் சொந்தக் காற்றாலையே நிறுவிற்று. நமக்கோ சரிவையே இறைவன் கொடையாக அளித்திருக்கின்றான். மேட்டிலுள்ள ஊற்றுநீர் மோட்டாரின்றியே கீழிறங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைத் தாக்கி மின்சாரம் தடைப்பட்டபோது, இதன் அருமை விளங்கியிருக்கும். ஆனால் 10 மீட்டர் இறக்கத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடும். நெடிய இறக்கத்தில் இடைத்தொட்டி இல்லையேல் குழாய் வெடிக்கும். வால்வை முறையாகத் திறந்து மூடாவிடில் கீழ்த்தெருவுக்கே நீர் போய், மேல்தெரு வறண்டுவிடும். நீர்ச்சண்டைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நம் குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பது இந்தச் சிறு வேலைதான்.

கட்டுவதைவிடக் காப்பதே கடினம். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் மக்காவுக்கு நீர் கொணர்ந்தார்கள். அக்கால்வாய் பலமுறை பழுதுற்றது. ஒவ்வொரு முறையும் அதனைச் செப்பனிட எவரேனும் முன்வந்தனர். 16ஆம் நூற்றாண்டில் உதுமானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அதற்குப் பெரும்பொருள் வழங்கினார். கட்டியவரின் பெயர் இன்றும் நிற்பது, பின்வந்தோர் பழுதுபார்த்ததால்தான்.

ஆகவே ஜமாஅத்துக்கென்று தனியாக ஓர் ஆழ்துளைக் கிணறு அமைக்கலாம் என்ற யோசனையை நாம் ஆதரிக்கவில்லை. ஊற்று ஒன்று, அதை அருந்துவோர் எல்லாச் சமயத்தாரும். குடிநீர் வழங்குவது ஊராட்சியின் பொறுப்பு. அதற்குத் துணை நிற்பது நம் பொறுப்பு. மாதச் சந்தா வசூலித்து ஆண்டுதோறும் கணக்கு வாசிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்பழக்கத்தை நீர்ப்பணிக்கும் கொண்டுசெல்வோம். வால்வு திறப்பவருக்குத் தடையின்றி ஊதியம் கிடைக்கிறதா, குறிப்பேடு எழுதப்படுகிறதா, தொட்டி கழுவப்பட்டதா என்பனவற்றை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் எழுந்து கேட்போம். அந்நாளிலும் தமிழகத்தில் கிராமசபை கூடுகிறது. நம் பெண்களும் அங்கு வரவேண்டும். குடத்தின் பாரம் அறிந்தவர்கள் அவர்களே.

இன்ஷா அல்லாஹ், முதல் வேலையை நம் பள்ளிவாசலிலேயே தொடங்குவோம். ஒளூ செய்யும் குழாய்களில் ஒழுகுவன அனைத்தையும் இந்த வாரமே சரிசெய்வோம். பிறகு கிராமசபையில் நாம் பேசும் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.